விரிக்காமல் கிடந்த வலை

சீலா கதிரையில் உட்காரவில்லை. லெஸ்லி இரண்டு தரம் சொல்லியும் கதவு நிலையைப் பிடித்தபடி வீதியையே பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பது வயதிருக்கும். ஒரு கையில் சந்தைப் பை. மற்றக் கையில் செபமாலை. அதை அவள் உருட்டவில்லை, பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது போலப் பிடித்திருந்தாள்.

1964ஆம் ஆண்டு, பங்குனி மாதத்துப் புதன்கிழமை, பின்னேரம் மூன்று மணி. திருகோணமலை உட்துறைமுக வீதி வெயிலில் ஆளரவமின்றிக் கிடந்தது. அப்படியிருந்தும் எங்கோ ஒரு சைக்கிள் மணி கேட்டதும் அவள் திடுக்கிட்டாள்.

"கதவைச் சாத்தட்டோ பிள்ளை?" என்று லெஸ்லி கேட்டார்.

"ஓம் ஐயா. யன்னலையும்."

லெஸ்லி எழுந்து இரண்டையும் சாத்தினார். சுங்கத்தில் இருபத்தெட்டு வருடம் கப்பல் கப்பலாக ஏறி இறங்கி, ஒளித்து வைத்த சாமான்களைத் தேடி எடுத்துவிட்டு இளைப்பாறியவர் அவர். அவர் அவசரப்பட்டு ஒருவரும் கண்டதில்லை. அவசரத்தை முழுவதும் பக்கத்துக் கதிரையில் இருந்த நண்பன் ஜெமீல் குத்தகைக்கு எடுத்திருந்தான். மத்திய வீதியில் படப்பிடிப்பு நிலையம் வைத்திருந்த ஜெமீலுக்குக் கலியாணப் படம் எடுப்பதைவிடக் கள்ளனைப் பிடிப்பதில்தான் ஆசை. லெஸ்லியின் மூளையில் பாதி தனக்கும் உண்டு என்பது அவன் எண்ணம். கால்வாசி என்று ஒத்துக்கொள்ள லெஸ்லியும் தயார்தான், நல்ல நாளாக இருந்தால்.

"நான் செனட்டர் மதியாபரணம் ஐயா வீட்டுக் குசினியில வேலை செய்யிறனான்," என்றாள் சீலா. "தேசிக்காய் வாங்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். அரை மணித்தியாலத்துக்குள்ள திரும்ப வேணும். என்ர அண்ணா நிக்கலஸைப் பிடிச்சுப்போட்டினம் ஐயா."

ஜெமீல் நிமிர்ந்து உட்கார்ந்தான். நிக்கலஸின் கதை ஊருக்கே தெரியும். சனிக்கிழமை காலை, நிலாவெளிக் கடற்கரையில் கப்பல் சரக்கு இறங்குகிறது என்று தகவல் கிடைத்துப் பொலிஸ் ஜீப் போனது. நிக்கலஸின் வாடியில், கரையோர மீன்பிடிக் கொட்டிலடியில், குவித்துக் கிடந்த வலைக்குள்ளிருந்து ஒன்றரை இறாத்தல் அபின் எடுத்தார்கள். நீதவான் பதினான்கு நாள் விளக்கமறியல் கொடுத்தார்.

"அண்ணா பீடி கூடக் குடிக்க மாட்டார். வருஷக்கணக்கில உள்ளுக்கு இருக்க வேணும் எண்டு சொல்லினம். மூண்டு பிள்ளையள் ஐயா."

"அந்த நேரம் வாடியில் ஆரார் நிண்டது?"

சீலா சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள். செபமாலைதான் விரல்களுக்குள் இறுகியது.

"பயப்படாமல் சொல்லுங்கோ."

"பயப்படாமல் எப்பிடி ஐயா சொல்லுறது? நாங்கள் இருக்கிற காணி அவையின்ர. சாப்பிடுற சோறு அவையின்ர." மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னாள். "செனட்டர் ஐயாவின்ர மகன் டெரிக், நாங்கள் சின்னவர் எண்டுதான் சொல்லுறது, அவர் மீன் வாங்கப் போய் நிண்டவர். கார் ஓடின ஆதம்பாவா நானாவும் நிண்டவர். பொலிஸ் புத்தகத்தில அண்ணான்ர பேர் மட்டும்தான் இருக்கு. மற்ற ரெண்டு பேரும் அங்க நிண்டதாவே இல்லை."

"அப்ப சின்னவர்தான்!" என்று ஜெமீல் தொடையில் தட்டினான்.

"மூன்று பேர் நின்றால் மூன்று பேரையும் பார்க்க வேணும் தம்பி. பணக்காரன் என்பதற்காக ஒருவன் குற்றவாளி ஆகமாட்டான்," என்றார் லெஸ்லி. பிறகு சீலாவிடம் திரும்பினார். "சனிக்கிழமைக்குப் பிறகு வீட்டில் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது?"

"ஒண்டுமில்லை ஐயா. சின்னவர் வெளியில போறேல்லை. ஞாயிற்றுக்கிழமை சுடுதண்ணி ஊத்துப்பட்டிட்டுது எண்டு வலக்கையில பெரிய கட்டு. சாப்பாடு கரண்டியால. வலக்கையில கட்டுற தங்க மணிக்கூட்டைக்கூட இப்ப இடக்கையில கட்டியிருக்கிறார். எனக்குத் தேசிக்காயோடதான் தொல்லை. நாளுக்கு ஒரு டசின் அறைக்குக் கொண்டுபோக வேணும். என்ன சர்பத்தோ தெரியாது, அவ்வளவு புளிப்புக்கும் சீனி கேட்கிறேல்லை. வெள்ளிக்கிழமை ரயிலில கொழும்புக்குப் போய், அங்கயிருந்து சீமைக்குப் போறார். பிறகு எனக்கும் ஆறுதல்."

லெஸ்லி மேசையில் விரலால் ஒரு தரம் தட்டினார்.

அவள் போனபிறகு ஜெமீல் தன் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து வைத்தான். நீதிமன்றத்துக்குக் காட்டுவதற்காக அபின் பொட்டலத்தைப் படமெடுக்கச் சனிக்கிழமை மத்தியானம் பொலிஸார் அவனைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு பிரதி தனக்கும் எடுத்துக்கொண்டான். அது முறையா என்று லெஸ்லி கேட்கவில்லை.

வெள்ளைச் சீலையில் சுற்றிய பொட்டலம். மேற்புறத்தில் மட்டும் மங்கலான ஈரக்கறை. மடிப்புகளுக்குள் சீலை பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. லெஸ்லி பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"முதல்நாள் இரவே வலைக்குள் வைத்துச் சுற்றியது என்றல்லவா பொலிஸார் சொல்கிறார்கள்?"

"ஓம் சேர்."

"நாளைக்கு நிலாவெளிக்குப் போவோம்."

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் போனார்கள். சல்லிக்குத் திரும்பும் சந்தி தாண்டியதும் ஜெமீல் பின்கண்ணாடியால் பார்த்தான். செனட்டரின் கறுப்பு ஹம்பர் கார் பின்னால் வந்துகொண்டிருந்தது. பஸ் நின்ற இடத்தில் அதுவும் நின்றது. பஸ் போக அதுவும் வந்தது.

"எங்களுக்குத்தான் வருகுதோ சேர்?"

"வீதி எல்லாருக்கும் பொது," என்றார் லெஸ்லி. ஆனால் அவரும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அதைக் கண்டபிறகு ஜெமீலின் பயம் இரண்டு மடங்காகியது.

வாடியில் நிக்கலஸின் மனைவி இன்பமலர் மட்டும் இருந்தாள். பக்கத்து வாடிக்காரர் ஒருவரும் கிட்ட வரவில்லை. தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். மணலில் ஆளுயரத்துக்கு வலை குவிந்து கிடந்தது. கிட்டப் போகவே புளித்த, அழுகின நாற்றம் அடித்தது.

"இது ஏன் இப்படிக் கிடக்குது?"

"பொலிஸ்காரர் தொட வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுப் போட்டினம் ஐயா." இன்பமலர் குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடியை இழுத்தாள். நூல் சத்தமில்லாமல் அறுந்து அவள் கையோடு வந்தது. "வெந்து போச்சுது. பருத்தி நூல். நூல் உறுதியா இருக்கட்டும் எண்டு பனிச்சங்காய் இடிச்சு ஊறவச்ச சாயச் சாறில போட்டுத் தூக்கின வலை. தூக்கினா வடியுமட்டும்தான் குவிச்சு வைக்கிறது. கால் மணித்தியாலம். பிறகு நாலு பேர் பிடிச்சு உடன விரிச்சுப்போட வேணும். இல்லாட்டி உள்ளுக்குச் சூடேறி நூல் செத்துப்போகும். இந்த வருஷம் எங்களுக்குக் கடல் இல்லை."

அவள் அழவில்லை. அழுது முடித்த முகம் அது.

"சனிக்கிழமை எப்போது தூக்கினது?"

"விடிஞ்சு ஏழு மணிபோல. வடியட்டும் எண்டு குவிச்சுப்போட்டு, விரிக்க ஆள் கூப்பிட அங்கால வாடிக்குப் போனவர். நான் சாயப் பீப்பாவடியில, பின்பக்கம். கார் வந்த சத்தம் கேட்டது. எட்டிப் பார்க்க, சின்னவர் கரையில நிண்டார். வள்ளம் ஒண்டு வெளிய போய்க்கொண்டிருந்தது. ஆதம்பாவா நானா காரடியில. பிறகு சந்தியில ஜீப் வாற சத்தம். நான் பயந்து வாடிக்குள்ள போட்டன். பிறகு ஒண்டும் பார்க்கேல்லை ஐயா."

"வலைக்குக் கிட்ட ஆர் போனது என்று பார்க்கவில்லை?"

"இல்லை. பார்த்திருந்தாலும்…" என்று தொடங்கி, முடிக்காமல் வீதிப் பக்கம் பார்த்தாள். கறுப்புக் கார் தென்னைகளுக்கு அப்பால் நின்றது.

லெஸ்லி அவளுடைய கைகளைப் பார்த்தார். முழங்கை வரை கரிய நிறம். "இது எத்தனை நாள் நிற்கும்?"

"எட்டுப் பத்து நாள். போட்ட உடன ஒண்டும் தெரியாது, வெறும் கஞ்சித்தண்ணி நிறம். வெயிலும் காத்தும் பட்டு, அடுத்த நாள்தான் கறுக்கும். சவுக்காரம் போட்டாலும் போகாது. நாங்கள் அதைப் பாக்கிறேல்லை."

திரும்பும் வழியில் ஜெமீல் தன் முடிவைச் சொன்னான். வள்ளத்தில் வந்தவன்தான் பொட்டலத்தை ஒளித்துவிட்டு ஓடியிருக்கிறான். செனட்டரின் மகன் பாவம், மீன் வாங்க வந்தவன்.

"வள்ளம் ஓட்டுகிறவன் அந்த வலைக்குள் ஒளிப்பானா?" என்று லெஸ்லி கேட்டார்.

"ஏன், நல்ல மறைவுதானே சேர்?"

"நீரும் அதே பிழையைத்தான் விடுகிறீர்," என்று சொல்லிவிட்டு லெஸ்லி கண்ணை மூடிக்கொண்டார். எந்தப் பிழை என்று ஜெமீல் ஊர் வந்து சேருமட்டும் யோசித்தான்.

மத்திய வீதியில் அவனுடைய கடைக்கு முன்னால் கூட்டம் நின்றது. பட்டப்பகலில் யாரோ உள்ளே புகுந்து கண்ணாடிப் பெட்டியை உடைத்து, நெகட்டிவ் பெட்டிகளைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள். கலியாண மாப்பிள்ளைகளும் பெண்களும் தரையில் மிதிபட்டுக் கிடந்தார்கள். பொட்டலப் படத்தின் நெகட்டிவைத்தான் கொண்டுபோயிருந்தார்கள். நின்றவர்களில் ஒருவரும் ஒன்றும் காணவில்லை என்றார்கள்.

ஜெமீலின் மனைவி மைமூனா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். "இது எங்களுக்கு வேணாம். பெரிய எடத்துப் பகை. விட்டிருங்க," என்றாள்.

"அவ சொல்வது சரி," என்றார் லெஸ்லி. "நீர் இதோடு விலகி நிற்கலாம் தம்பி. நான் குறை நினைக்கமாட்டேன்."

ஜெமீல் குனிந்து உடைந்த கண்ணாடியைப் பொறுக்கினான். ஒரு துண்டு விரலை வெட்டிவிட்டது. இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "படம் உங்கட பையிலதானே சேர் இருக்கு?"

"ஓம்."

"அப்ப நாளைக்கு எத்தனை மணிக்கு?"

அன்று பின்னேரமே லெஸ்லி இரண்டு கடிதம் எழுதினார். ஒன்று செனட்டருக்கு: வலைக்குள் அபினை வைத்தது யார் என்று தெரியும், நீதவானிடம் போகமுன் தங்களிடம் சொல்ல விரும்புகிறேன் என்று. மற்றது இன்ஸ்பெக்டர் அப்துல் மஜீதுக்கு. கெட்ட மனிதர் அல்ல மஜீத். மூன்று பெண்பிள்ளைகளும், செனட்டர் நினைத்தால் ஒரே நாளில் வரக்கூடிய இடமாற்றமும் அவரைக் கட்டிப்போட்டிருந்தன.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. செனட்டர் வீட்டு முன்மண்டபத்தில் பெரிய சாய்கதிரையில் செனட்டர் பேணாட் மதியாபரணம் இருந்தார். வெள்ளை உடுப்பு, வெள்ளை மீசை. சோபாவில் டெரிக். இருபத்தைந்து வயது. வலக்கையில் விரல் நுனியிலிருந்து முழங்கைக்குக் கிட்டவரை வெள்ளைக் கட்டு. வாசலோரம் ஆதம்பாவா தலையைக் குனிந்து நின்றார். மஜீத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இருக்கச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. ஜெமீலின் கழுத்தில் படப்பெட்டி தொங்கியது. சீலா தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். கோப்பைகள் தட்டில் கிலுகிலுத்தன.

"கெதியாச் சொல்லுங்கோ," என்றார் செனட்டர். "மகன் இண்டைக்குப் பயணம்."

"கெதியாக முடிக்கலாம் ஐயா," என்றார் லெஸ்லி. "பொட்டலம் இரவு முழுவதும் ஈரவலைக்குள் கிடந்தது என்பது பொலிஸ் அறிக்கை. அப்படிக் கிடந்திருந்தால் சீலை உள்மடிப்புவரை ஊறியிருக்கும். படத்தைப் பாருங்கள். மேலே மட்டும்தான் நனைந்திருக்கிறது. சில நிமிடம் கிடந்திருக்கலாம். தவிர, அந்த வலையைச் சாயத்தில் இருந்து தூக்கியதே சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு."

"அந்தச் சில நிமிடத்துக்கு முன் நிக்கலஸ் வைத்திருக்கலாமே," என்றார் மஜீத், செனட்டரின் முகத்தைப் பார்த்தபடி.

"அவன் வைக்கமாட்டான். கடற்றொழில் தெரிந்த எவனும் வைக்கமாட்டான். சாயம் போட்ட வலையைக் குவித்து வைப்பது கால் மணித்தியாலம், தண்ணி வடிவதற்காக மட்டும். அது முடிய நாலு பேர் வந்து முழு வலையையும் வெயிலில் விரிப்பார்கள். அந்த நாலு பேரைக் கூப்பிடத்தான் நிக்கலஸ் போயிருந்தான். கால் மணித்தியாலத்தில் ஊரே பிரித்துப் பார்க்கப்போகும் வலைக்குள் அவன் தன் அபினை ஒளிப்பானா? ஒளித்தவன் குவிந்த வலையைக் கண்டு, இது பாவித்து முடித்து ஒதுக்கி வைத்த வலை, ஒருவரும் தொடமாட்டார்கள், பிறகு வந்து எடுக்கலாம் என்று நினைத்தவன். ஜெமீலும் அப்படித்தான் நினைத்தார். வலையோடு வாழாத ஆள் விடுகிற பிழை அது."

ஜெமீலுக்குக் காது சூடாகியது. இருந்தாலும் தலையை ஆட்டினான்.

செனட்டர் படத்தை மேசையில் திருப்பி வைத்தார். பிறகு பெருமூச்சு விட்டார். "சரி. நிக்கலஸ் இல்லை. என்ர வீட்டுப் பேர் கெடக்கூடாது எண்டு பேசாமல் இருந்தனான். அது என்ர பிழைதான். ஆதம்பாவா, சொல்லு."

ஆதம்பாவா ஓரடி முன்னே வந்தார். ஐம்பது வயது மனிதர். தரையைப் பார்த்துக்கொண்டு பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார்: "நான்தான் வெச்ச. கப்பல்காரன் ஒருத்தன் தந்த. ஜீப்பக் கண்டு பயந்து வலைக்குள்ள வெச்சிட்டன். சின்னவருக்கு ஒண்டும் தெரியாது."

சீலாவின் தட்டில் ஒரு கோப்பை சரிந்தது.

"ஆதம்பாவா, உங்கட வாப்பா என்ன தொழில்?" என்று லெஸ்லி கேட்டார்.

"கிண்ணியாவில… வலை கட்டின."

"சாயம் போட்டுக் குவித்த வலையை என்ன செய்வார்?"

"வடிஞ்ச உடன விரிப்பாரு. நாங்க பிள்ளையள் எல்லாரும் புடிச்சி…" ஆதம்பாவாவுக்குக் குரல் நின்றுவிட்டது. நிமிர்ந்து லெஸ்லியைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"கையைக் காட்டுங்கோ."

இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். நகக்கண்ணில் கார் எண்ணெய். வேறு ஒரு கறையும் இல்லை.

"பனிச்சஞ் சாயம் பட்ட உடனே தெரியாது," என்றார் லெஸ்லி. "அடுத்த நாள் கறுக்கும். எட்டுப் பத்து நாளைக்குப் போகாது. அந்த ஈரக் குவியலுக்குள் பொட்டலத்தை ஆழத் தள்ளியவனின் கை, ஞாயிற்றுக்கிழமை கறுத்திருக்க வேண்டும். இன்றைக்கு ஆறாவது நாள். இவருடைய கையில் சாயம் இல்லை. இவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், கூலிக்கு வீடு தந்தது நீங்கள். அதனால் குற்றத்தையும் வாங்கிக்கொள்கிறார்."

"அதுக்கு இப்ப என்ன? என்ர மகனின்ர கையைப் பார்க்க வேணுமோ?" செனட்டர் சிரித்தார். "சுடுதண்ணி பட்ட கை. அவனே எனக்கு எல்லாம் சொன்னவன், ஆதம்பாவா செய்ததை அவன்தான் கண்டவன். டெரிக், அவிழ்த்துக் காட்டு. பார்த்திட்டு இவை எல்லாரும் மன்னிப்புக் கேட்டிட்டுப் போகட்டும்."

"வேண்டாம் டாடி," என்றான் டெரிக்.

"அவிழ் எண்டு சொல்லுறன்."

"ஒன்று மட்டும் கேட்கிறேன் தம்பி," என்றார் லெஸ்லி மெதுவாக. "வெந்த கைக்கு நாளுக்கு ஒரு டசின் தேசிக்காய் தேய்த்தால் எரியாதா?"

செனட்டர் திரும்பி மகனைப் பார்த்தார். அந்த மனிதருக்கு அதுவரை ஒன்றும் தெரியாது என்பதை ஜெமீல் அப்போதுதான் உணர்ந்தான். செனட்டர் எழுந்து போய், மகனுடைய கையைப் பிடித்து, தானே கட்டைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார். டெரிக் கையை இழுக்கப் பார்த்தான். தகப்பன் விடவில்லை.

விரல்களும் உள்ளங்கையும் புறங்கையும் மணிக்கட்டுக்கு மேலேயும் கறுத்திருந்தன. தேய்த்துத் தேய்த்து அங்கங்கே தோல் உரிந்து சிவந்திருந்தது. மணிக்கட்டைச் சுற்றி மட்டும் ஒரு விரலகலத்துக்கு வெள்ளைக் கோடு. தங்க மணிக்கூட்டுச் சங்கிலி கிடந்த இடம்.

பிளாஷ் பளீரென்று அடித்தது. எப்போது படப்பெட்டியைத் தூக்கினேன் என்று ஜெமீலுக்கே தெரியாது.

"வலையைச் சும்மா தொட்டுப் பார்த்த கை இவ்வளவு தூரம் கறுக்காது," என்றார் லெஸ்லி. "மணிக்கூடு கட்டின கை மணிக்கட்டுக்கு மேலேயும் உள்ளே போயிருக்கிறது."

செனட்டரின் கையில் கட்டுச் சீலை தொங்கியது. சில விநாடி அவர் வெறும் கிழவனாக நின்றார். பிறகு முகம் மாறியது. "ஆதம்பாவா, வாசற்கதவைச் சாத்து," என்றார். "நீ, படக்காரன், அந்தப் பெட்டியை மேசையில வை."

ஆதம்பாவா அசையவில்லை. தோட்டக்காரர் இருவர் வாசலில் வந்து நின்றார்கள். ஜெமீலுக்கு மைமூனாவின் முகமும் பிள்ளையின் முகமும் கண்ணுக்கு முன் வந்தன. பெட்டியைக் கழற்றக் கை போய்விட்டது.

"இன்ஸ்பெக்டருக்கு முன்னால் பறிக்கப் போறியளோ ஐயா?" என்றார் லெஸ்லி. அவர் கேட்டது செனட்டரை. பார்த்தது மஜீதை.

மஜீத் கையில் வைத்திருந்த தொப்பியை எடுத்துத் தலையில் போட்டார். "பெட்டி அவருடையது," என்றார். "அவரைப் போக விடுங்க."

அன்று அந்த மனிதரிடம் இருந்த துணிவு அவ்வளவுதான். வெளியே வந்ததும் லெஸ்லியின் முகத்தைப் பாராமலே சொன்னார்: "நிக்கலஸைத் திங்கட்கிழமை விட்டிருவன். வைத்த ஆள் தெரியாது எண்டு எழுதுவன். அதுக்கு மேல என்னால ஏலாது லெஸ்லி. ஏலாது." டெரிக் அன்று ரயிலிலேயே போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை நிக்கலஸ் தங்கையோடு நன்றி சொல்ல வந்தான். அவளும் செனட்டர் வீட்டு வேலையை விட்டுவிட்டாள். குடும்பமே சல்லிக்கு, செனட்டரின் காணியில்லாத இடத்துக்குப் போகப்போகிறது. நிக்கலஸ் நல்ல உயரமான ஆள். கதவு அடித்த சத்தத்துக்கே எழுந்து நின்றான்.

லெஸ்லி படத்தை மேசையில் வைத்தார். கறுத்த கை, வெள்ளைக் கோடு, டெரிக்கின் முகம். "கொழும்பில் சட்டத்துறைத் தலைவருக்கு எழுதலாம். பத்திரிகைக்கும் கொடுக்கலாம்."

நிக்கலஸ் படத்தைத் தொடவில்லை. "எனக்கு எத்தனை வருஷம் கிடைச்சிருக்கும் ஐயா?"

"ஐந்து. ஏழும் கொடுத்திருப்பார்கள்."

"அவருக்கு?"

"அவர் கப்பலில் போய்க்கொண்டிருக்கிறார்."

நிக்கலஸ் தன் கைகளைப் புரட்டிப் பார்த்தான். சாயம் இன்னும் போகவில்லை. "வேண்டாம் ஐயா," என்றான். "எழுதினா திரும்ப எங்களிட்டத்தான் வருவினம். பிள்ளையள் இருக்கு. வலையும் இல்லை. தயவு செய்து வேண்டாம்." அவ்வளவு பெரிய மனிதன் கைகூப்பிக் கேட்டான்.

ஜெமீல் பொறுக்கமாட்டாமல் வாயெடுத்தான். லெஸ்லி தடுத்தார். படத்தையும் நெகட்டிவையும் ஓர் உறையில் போட்டுச் சீலாவிடம் நீட்டினார். "இது உங்கட குடும்பத்துச் சாமான். நீங்கள் சொல்லுறதுதான்."

சீலா வாங்கவில்லை. "இஞ்சயே இருக்கட்டும் ஐயா. எங்கட வீட்டில வச்சிருக்கப் பயம். வேணும் எண்டால் நான் வந்து கேட்பன்."

உறை அலுமாரிக்குள் போனது. லெஸ்லிக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. கண்டுபிடித்த கள்ளனைக் கைவிட வேண்டி வந்தது அவருடைய வாழ்நாளில் அதுதான் முதல் தரம். மஜீத்துக்கு மூன்று மாதத்தில் இடமாற்றம் வந்தது. அந்த ஒரு வசனத்துக்குத்தான்.

இரண்டு வருடமும் சில மாதமும் போயின. 1966, ஆடி. ஒலிபெருக்கி கட்டிய கார் ஒன்று உட்துறைமுக வீதியால் கத்திக்கொண்டு போனது. சீமையிலிருந்து திரும்பிய இளந்தலைவர் டெரிக் மதியாபரணம் அவர்கள் தலைமையில், ஞாயிற்றுக்கிழமை, போதை ஒழிப்பு மாநாடு. கஞ்சாச் சுருட்டு ஒன்றோடு பிடிபட்டு, போன கிழமை ஒரு வருடச் சிறை பெற்ற கப்பல்துறைக் கூலிக்காரனின் பெயரையும் ஒலிபெருக்கி சொன்னது. தலைவர் தந்த தகவலால் கிடைத்த வெற்றியாம்.

கார் முனை திரும்பியிருக்காது. சீலா உள்ளே வந்தாள். சல்லியிலிருந்து சைக்கிள் மிதித்து வந்திருக்க வேண்டும். சேலை முழுவதும் புழுதி. கதவை அவள் சாத்தவில்லை. கதிரையை இழுத்து, ஒருவரும் சொல்லாமலே உட்கார்ந்தாள்.

"அந்தக் கூலிக்காரன்ர மனிசியை நேற்றுக் கோயிலடியில கண்டனான்," என்றாள். "அவவுக்கும் மூண்டு பிள்ளையள். அண்ணாவிட்டயும் கேட்டிட்டுத்தான் வாறன். படம் இருக்குதோ ஐயா?"

லெஸ்லி எழுந்து அலுமாரியைத் திறந்தார்.

ஜெமீல் அவளையே பார்த்தான். செபமாலை பிடித்த கை முன்புபோலவே இறுகியிருந்தது. "பயமில்லையா தங்கச்சி?" என்று கேட்டான்.

"இருக்கு நானா," என்று சொல்லி, அவள் மற்றக் கையை நீட்டினாள். "தாங்கோ."